கோழையில் கூடும் வேகம்

1992-இன் பிற்பகுதியில் மெட்ராஸில் பரவிய காலராவை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, கொள்ளைநோயாகப் பரவும் என்று அதுவரை அறியப்பட்டிருந்த ஓ1 வகை இல்லை. ஓ139 என்று எண் பெற்ற அந்தப் புதுவகை, அடுத்த சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது.

எந்த வகையானாலும் காலராக் கிருமிக்கு ஒரு தடை உண்டு. சிறுகுடலின் உட்சுவரை ஒரு கோழைப் படலம் போர்த்தியிருக்கிறது. அதைத் துளைத்துத்தான் கிருமி செல்களை நெருங்க முடியும். இருப்பதோ ஒரே ஒரு சுழலும் வால்.

இவ்வளவு சிறிய உயிருக்குத் தண்ணீரே பிசுபிசுப்பானது. வால் நின்றால், ஒரு அணுவின் அகலம்கூட நகராமல் அங்கேயே நின்றுவிடும். எட்வர்டு பர்செல் 1977-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் கோழையில் இன்னும் திணற வேண்டாமா? நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மிதக்கும் திரவம் அது. காஞ்சிபுரத்தில் பட்டுப் பாவுக்குத் தடவும் அரிசிக் கஞ்சியும் அந்த இனமே. ஆனால் இத்தகைய திரவம் ஓரளவு கெட்டியாகும்வரை பாக்டீரியாவின் வேகம் கூடுகிறது என்று 1974-லேயே பார்த்துவிட்டார்கள். சங்கிலிகள் வலைபோல் நின்று வாலுக்குப் பிடிப்புத் தருகின்றன என்பது ஒரு விளக்கம்.

2022-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஷியாங் செங் குழு, சங்கிலியே இல்லாத நுண்ணிய திட உருண்டைகளைக் கலந்து, ஈ. கோலை பாக்டீரியாவை நீந்தவிட்டது. அப்போதும் வேகம் கூடியது! எனக்கு இதுதான் பெரிய வியப்பு. காரணம் பாக்டீரியாவின் தள்ளாட்டத்தில் இருந்தது. உடலும் வால்கற்றையும் ஒரே கோட்டில் அமையாததால், வெறும் நீரில் அது ஆடியாடித்தான் போகும். பக்கத்தில் உருண்டையோ சுருண்ட சங்கிலியோ இருந்தால், இடையில் ஓடும் நீர் உடலைத் திருப்பி வாலோடு நேராக்குகிறது. ஆட்டம் குறைய, வால் தரும் உந்துதல் முன்னோக்கிய ஓட்டத்துக்கே போகிறது.

இதற்கும் எல்லை உண்டு. இரைப்பையின் கோழை, அமிலத்தில் கூழ்க்கட்டியாக இறுகிவிடுவது. அதில் ஹெலிகோபாக்டர் பைலோரி, வால் சுழன்றும் நகராமல் மாட்டிக்கொள்வதை பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரமா பன்சில் குழு 2009-இல் காட்டியது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். சுற்றிலும் அமிலம் தணிய, கட்டி இளகித் திரவமாகும். அதன்பிறகு அது நீந்தத் தொடங்குகிறது.