வந்த வழியே திரும்பும் மருந்து

ஒரு மாத்திரையை விழுங்கினால் அது கல்லீரலில் சிதைந்து, சிறுநீரகத்தின் வழியே கழிந்துபோகும் என்பதைப் பலரும் அறிவோம். அறுவை சிகிச்சையின்போது சுவாசத்தின் வழியே செலுத்தப்படும் மயக்க மருந்துகளின் கதை வேறு. அவை மூச்சோடு உட்புகுந்து, பெரும்பாலும் உருமாறாமல், அதே மூச்சோடு வெளியேறுகின்றன.

மயக்க நிலையில் மூச்சைக் கவனியுங்கள் என்று உலகுக்கு உரக்கச் சொன்ன நகரம் நம் ஐதராபாத். குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டவர் இறந்தால், முதலில் நின்றது இதயமா, மூச்சா என்பது 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களிடையே பெரும் வழக்காக இருந்தது. இங்கு ரெசிடென்சி மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி 1888இல் ஒரு குழுவை அமைத்து விலங்குகளிடம் சோதனை நடத்தி, மூச்சே முதலில் நிற்கிறது என்றார். லண்டனின் 'லான்செட்' இதழ் அதனை ஏற்கத் தயங்கியது. உடனே ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் பொருளுதவி அளிக்க, அவ்விதழின் சார்பில் லாடர் பிரன்டன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1889இல் ஐதராபாத் வந்து இரண்டாம் குழுவில் பங்கேற்றார். முடிவு மாறவில்லை. குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாகத் தாக்கவல்லது என்பதைக் குட்மன் லெவி 1911இல் நிறுவியபோதுதான் லாரியின் கூற்று முழு உண்மையன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் மூச்சின்மீது கண் வைக்கும் பழக்கம் பழுதாகவில்லை. லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். நம் நகரத்தார் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

மருந்து வெளியேறும் முறைக்கு வருவோம். அறுவை சிகிச்சை முடியும் தறுவாயில் மருத்துவர் மயக்க வாயுவை நிறுத்தி ஆக்சிஜனை மட்டும் செலுத்துகிறார். நுரையீரலின் காற்றறைகளில் மருந்தின் அளவு குறைகிறது; இரத்தத்திலுள்ள மருந்து அங்கு வந்து இறங்குகிறது; மூளையிலுள்ளது இரத்தத்திற்குள் வந்து சேர்கிறது. மருந்து இரத்தத்தில் எவ்வளவு குறைவாகக் கரைகிறதோ அவ்வளவு விரைவாக இப்பயணம் முடியும். இரத்தத்திற்கும் காற்றுக்கும் இடையிலான கரைதிறன் விகிதம் பழைய ஈதருக்கு ஏறத்தாழ 12, ஹாலோதேனுக்கு 2.4, இன்றைய செவோஃப்ளூரேனுக்கு 0.65, டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42. முற்காலத்தில் நெடுநேரம் கழித்துத் தெளிந்த மயக்கம் இன்று சில நிமிடங்களில் தெளிவது இதனாலேயே. நைட்ரஸ் ஆக்சைடு இரத்தத்திலிருந்து காற்றறைகளுக்குள் வெள்ளமெனப் பாய்ந்து அங்குள்ள ஆக்சிஜனை நீர்க்கச் செய்யும். அதனால்தான் இறுதியில் சில நிமிடங்கள் தூய ஆக்சிஜன் தருகிறார்கள்.

கல்லீரலுக்குப் போகும் பங்கும் மருந்துக்கு மருந்து மாறும். ஹாலோதேனில் ஏறத்தாழ 20 விழுக்காடு அங்குச் சிதைந்தது. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் நேர்ந்தது. செவோஃப்ளூரேனில் 2 முதல் 5 விழுக்காடு, ஐசோஃப்ளூரேனில் 0.2, டெஸ்ஃப்ளூரேனில் வெறும் 0.02.

வங்கிக்காரன் மொழியில் சொல்வதானால், மூளை நடப்புக் கணக்கு. குருதியோட்டம் மிகுதியாதலால் வரவும் செலவும் விரைவு. கொழுப்பு வைப்புக் கணக்கு. மெல்லச் சேர்ந்தது மெல்லவே வெளிவரும். நீண்ட அறுவை சிகிச்சைக்குப் பின்னும், உடற்பருமன் உடையவர்க்கும் எச்சம் சிறிது கூடுதலாகத் தங்கும். இவற்றோடு ஊசி வழியே கொடுத்த வலி நிவாரணிகளும் அமைதிப்படுத்தும் மருந்துகளும் உண்டு. அவை மூச்சில் வெளியேறுவதில்லை. கல்லீரலையும் சிறுநீரகத்தையுமே நம்பியிருப்பவை.

ஆகவேதான், அன்றே வீடு திரும்பும் நோயாளியிடமும், 24 மணி நேரம் வாகனம் ஓட்டாதீர்கள், இயந்திரம் இயக்காதீர்கள், சட்டப்பூர்வ ஆவணங்களில் கையெழுத்திடாதீர்கள் என்கிறார்கள். கடைசல் இயந்திரங்களும் பிரஸ்களும் ஓயாத பாலாநகர்த் தொழிற்பேட்டையில் இரண்டாம் அறிவுரை எளிதில் புரியும். மூன்றாவதைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. எழுந்து நடப்பவர், கேட்டதற்குத் தெளிவாக விடை சொல்பவர், மறுநாள் அவ்வுரையாடலையே நினைவுகூராமல் இருக்கக்கூடும். முதியோர்க்குத் தெளிவு வர இன்னும் நாளாகலாம். அந்நிலையில் பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவதோ, நியமனதாரரை மாற்றுவதோ, வந்த ஓடிபி எண்ணை அருகிலிருப்பவரிடம் சொல்வதோ பெருந்துன்பத்தில் முடியலாம்.

திட்டமிட்ட அறுவை சிகிச்சையாயின், மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். நியமனம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். துணைவரோடு கூட்டுக் கணக்கு வேண்டுமாயின், இருவரில் எவரும் இயக்கும் வகையில் அதனை அமைத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடிப்பதைவிட அதன்மேல் கடன் பெறுவது பல வேளைகளில் ஆதாயம். இரண்டையும் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நோயின் கடுமையால் கையெழுத்திட இயலாதவர்க்கும் வழியுண்டு. வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் முன் கைநாட்டுப் பெற்றுப் பணம் வழங்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடந்தருகின்றன. சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருத்தல் வேண்டும். அதற்கும் மயக்கம் முற்றும் தெளிந்திருக்க வேண்டும் என்பதால், அதிகாரியை அழைக்கும் நேரத்தை மருத்துவரைக் கேட்டே குறியுங்கள்.