ஒரு தேயிலைப் பையின் எடை
(தராசும் தண்டனையும் – 7)

1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு போன வாரம் நிறுத்தினேன். அபினுக்கும் நஞ்சுக்கும் எழுதிய அந்தப் பழைய சட்டம்தான் திருத்தத்தின் மேல் திருத்தமாக இன்றும் நம்மை ஆள்கிறது. மீண்டும் விளக்கப் போவதில்லை. இந்த வாரம் பிணையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு தாயின் கேள்வி குறுக்கே வந்துவிட்டது.

பதுளை நீதிமன்றத்துக்கு வெளியே அவரைப் பார்த்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். மகன் விளக்கமறியலில். “தம்பி, ரெண்டு கிராமுக்கு மேலன்னு சொல்றாங்க. ரெண்டு கிராமுன்னா எம்புட்டு?”

முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தவர் கேட்கிறார். சாக்குக்கு எத்தனை கிலோ வெட்டுவார்கள், மழை நாளில் ஈரத்துக்கு எத்தனை வெட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தராசு முள்ளைப் பார்க்காமலே கூடையின் கனத்தை முதுகால் சொல்லிவிடுவார். கிராம் மட்டும் அவருடைய தராசில் இல்லை.

எதிரே தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனேன். மேல் தட்டில் தேயிலைப் பைகள் அடைத்த பெட்டியொன்று இருந்தது. 25 பைகள், நிறை 50 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு பையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினேன். உள்ளங்கைக் குழியே நிறையவில்லை. “வடியில ஒட்டுறதே இதவிடக் கூட வருமே” என்றார். கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை.

1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இட்ட கோடு அந்த இரண்டு கிராம். அந்த அளவோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. விற்றதை நிரூபிக்கத் தேவையில்லை, உடைமை போதும். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தம் ‘ஐஸ்’ போதைப்பொருளுக்கு ஐந்து கிராம் என்று இன்னொரு கோடு போட்டது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. தீர்ப்பு மட்டும் தொடர்ந்து சொல்லப்படுகிறது.

அக்கம்பக்கத்தையும் பார்த்தேன். சிங்கப்பூர் தூக்குத் தண்டனைக்குப் பேர்போன நாடு. அங்கே கோடு 15 கிராம். இந்தியாவில் ஹெரோயின் 5 கிராம் வரை ‘சிறிய அளவு’, வணிக அளவு 250 கிராமிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அங்கே கலப்படத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே கணக்கு தூய அளவுக்கே. பொலிஸ் பிடித்த பொதி பத்து கிராம் இருக்கலாம். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அதில் தூய ஹெரோயின் எவ்வளவு என்று எழுதுவதே வழக்கின் தலையெழுத்து. பத்தரமுல்லைப் பக்கமிருந்து அந்தத் தாள் வரும்வரை பையன் உள்ளே.

முதல் நிறுவை எங்கே நடக்கிறது என்று பழைய தீர்ப்புகளைப் புரட்டினேன். இரண்டு இரவு தூக்கம் போயிற்று. வழக்குக்கு வழக்கு ஒரே காட்சி: சந்தேகநபரை ஜீப்பில் ஏற்றி, பொதியோடு ஓர் அடகுக் கடைக்கோ நகைக் கடைக்கோ கொண்டுபோய், தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு மெழுகு முத்திரை. மேல்முறையீட்டில் சட்டத்தரணிகள் அந்தத் தராசைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: கடைக்காரர் சாட்சி சொன்னாரா, உறையோடு நிறுத்தார்களா, முத்திரை எப்போது வைத்தார்கள்? அம்மாவின் தோட்டை அடகு வைக்கும்போது நிறுக்கிற அதே தட்டு, மகனின் ஆயுளையும் நிறுக்கிறது.

எங்கள் பெரியம்மா நினைவு வருகிறது. தோட்டத்துத் தராசு பிழை என்று நம்பி, ஒருநாள் ஊர்க் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி, கொழுந்து நிறுவைக்கு நடுவே அதை மட்டும் தராசில் வைத்துக் காட்டினார். முள் ஒன்றரையைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் தராசை மாற்றினார்கள். அரை கிலோவுக்கு அத்தனை போராட்டம் நடந்த லயத்தில், இன்று இரண்டு கிராம் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு தாய் நிற்கிறார். தூள் என்றால் தேயிலைத் தூள் என்றிருந்த காம்பராக்களுக்குள் இந்தத் தூளைக் கொண்டுவந்து விற்பவர்கள் மீது எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் பாவிப்பவனையும் விற்பவனையும் ஒரு தேயிலைப் பையை வைத்துப் பிரிக்கும் சட்டம் சரியில்லை. நாற்பது வருஷமாக அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்க்காதது பெரும் தவறு.

பிணை அடுத்த வாரம். தூய அளவு பத்து கிராமைத் தொட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. உங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுபோனால், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பொதியை எந்தக் கடையில், யார் முன்னால் நிறுத்தார்கள் என்று சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள்.