மாட்டு ஈரலை அரிக்கும் தட்டைப்புழு: காட்டிக் கொடுக்கும் மரபணு சோதனை

வடலூர்:

மாடு நல்லா மேயுது, ஆனா பால் குறையுதா? தாடைக்கு கீழே பை போல வீக்கம் தொங்குதா? ஈரலில் தட்டைப்புழு புகுந்திருக்கலாம் என்கிறது கால்நடை மருத்துவம்.

குட்டை, வாய்க்கால் நத்தைகளுக்குள் வளரும் இளம்புழு, வெளியே வந்து ஓரத்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அதை மேயும் மாட்டின் குடலை துளைத்து ஈரலுக்கு போய்விடும்.

சாணியில் முட்டையை பார்க்கலாம். ஆனால் இரைப்பை தட்டைப்புழுவின் முட்டையும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். இங்கேதான் சிக்கல். ஈரல் புழுவை கொல்லும் டிரைகிளாபெண்டசோல் மருந்து, இரைப்பை புழுவை ஒன்றும் செய்யாது. காசும் போச்சு, மாடும் மெலியும்.

ஆய்வுக்கூடத்தில் பி.சி.ஆர். முறையில் மரபணுவை பெருக்கிப் பார்த்தால் எந்த இனம் என்பது தெரிந்துவிடும். நம்மூர் போன்ற வெப்ப சமவெளிகளில் 'பேசியோலா ஜைஜாண்டிகா', குளிர் பகுதிகளில் 'பேசியோலா ஹெபாடிகா' அதிகம்.

கடையில் கேட்டு மருந்து ஊற்றாமல், சாணியோடு அரசு கால்நடை மருந்தகத்துக்கு போவதே நல்லது. தண்ணி தேங்கிய இடத்தில் மேய்ச்சலும் வேண்டாம்.