நாஜிக்களே தடை செய்த எழுத்து, 'நாஜி எழுத்து' ஆனது எப்படி? பிளாக்லெட்டர் ஃபான்ட்டின் விநோத வரலாறு

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர், கொரோனா பீர் லேபிள், ஹெவி மெட்டல் இசைக்குழுக்களின் டி-ஷர்ட், டாட்டூ... இதிலெல்லாம் ஒரே சாயலில் ஆங்கில எழுத்துகளைப் பார்த்திருப்பீங்க. தடித்த கோடுகள், கத்தியால் சீவியது போன்ற கூர்மையான மூலைகள். இதுதான் பிளாக்லெட்டர். இதைப் பார்த்ததும் பலருக்கு ஹிட்லர் ஜெர்மனி ஞாபகம் வரும். ஆனால் இதை ஒழித்துக்கட்டியதே ஹிட்லர் அரசுதான்!

ஏன் இந்த வடிவம்?

ஐரோப்பாவில் 12-ம் நூற்றாண்டு வாக்கில் உருவான கையெழுத்துப் பாணி இது. அகன்ற முனை கொண்ட இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு, சாய்த்து இழுத்தால் மெல்லிய கோடு. எழுத்துகளை நெருக்கி எழுதியதால் விலை அதிகமான தோல்தாளில் இடமும் மிச்சம். 1455 வாக்கில் குட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டபோது இதே பாணியில்தான் அச்செழுத்துகளை வார்த்தார்.

சிக்கல் என்னன்னா, படிப்பது கஷ்டம். 'மினிமம்' என்ற ஆங்கிலச் சொல்லை இதில் எழுதினால் 15 செங்குத்துக் கோடுகள் வேலி மாதிரி வரிசையாக நிற்கும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க 'ஐ' எழுத்தின் தலையில் போட்ட சின்னக் கோடுதான் இன்றைய புள்ளி.

இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என ஒவ்வொரு நாடாக ரோமன் எழுத்துக்கு மாறின. ஜெர்மனி மாறவில்லை. 'ஃபிராக்டூர்' என்ற பிளாக்லெட்டர் வகையில்தான் அங்கே 20-ம் நூற்றாண்டு வரை பாடப்புத்தகங்களும் செய்தித்தாள்களும் வந்தன.

1941-ல் நடந்தது என்ன?

ஆட்சிக்கு வந்த புதிதில் நாஜிக்களும் இதை 'ஜெர்மானிய எழுத்து' என்று கொண்டாடினார்கள். போஸ்டர் முழுக்க இதுதான். ஆனால் 1941 ஜனவரி 3-ம் தேதி, ஹிட்லரின் உத்தரவு என்று சொல்லி மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இது 'யூத எழுத்து', இனி ரோமன் எழுத்தே போதும் என்றது அது. இந்தக் குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லை. கூத்து என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கையின் லெட்டர்ஹெட்டே பிளாக்லெட்டரில்தான் இருந்தது!

கைப்பற்றிய நாடுகளில் இருந்தவர்களுக்கு இந்த எழுத்து புரியாததே உண்மையான காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது.

அதே ஆண்டு பள்ளிகளில் பழைய ஜெர்மன் கையெழுத்தும் கைவிடப்பட்டது. பாதிப்பு இன்றும் தொடர்கிறது. தாத்தா, பாட்டி எழுதிய கடிதங்கள் வீட்டிலேயே இருந்தும் படிக்கத் தெரியாத ஜெர்மானியர்கள் ஏராளம்.

போருக்குப் பிறகு நியோ நாஜி கும்பல்கள் இந்த எழுத்தைத் தூக்கிப் பிடித்ததால் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்காக எழுத்தையே சந்தேகப்படுவது நியாயமில்லை. 1949-ல் தொடங்கிய ஃபிராங்க்ஃபர்ட்டர் ஆல்ஜெமைன் நாளிதழின் பெயர்கூட இன்றும் பிளாக்லெட்டரில்தான் வருகிறது.

நீங்க பயன்படுத்தப் போறீங்களா?

தலைப்பு, லோகோ, அழைப்பிதழுக்கு ஓகே. பத்தி பத்தியாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டாங்க. முழுக்க கேப்பிடல் எழுத்திலும் வேண்டாம், எதுவுமே புரியாது.

இன்ஸ்டா பயோவில் காப்பி-பேஸ்ட் செய்யும் 'கோதிக்' எழுத்துகள் உண்மையில் ஃபான்ட்டே கிடையாது. அவை யூனிகோடில் உள்ள கணிதக் குறியீடுகள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அவற்றைத் தப்பும் தவறுமாக வாசிக்கலாம், இல்லை மொத்தமாகத் தாண்டிப் போகலாம். பெயரையாவது சாதாரண எழுத்தில் போட்டுவிடுங்க.