வேடன் வேஷம், ஆறு மணிக் காட்சி

விடிய விடிய ஆடிய கதகளிக்கு இன்று சோறு போடுவதில் நட்சத்திர ஓட்டல்களுக்கும் பங்குண்டு. ஆனால், எட்டு மணிக்கு விருந்தினர் சாப்பிடப் போகவேண்டும்.

காளஹஸ்தியில் கண்ணப்பர் கதையை இரண்டு பிறவியாகச் சொல்வது ஊர் வழக்கு. பாசுபதாஸ்திரம் வேண்டித் தவமிருந்த அர்ஜுனன், வேடனாக வந்த சிவனை அடையாளம் தெரியாமல் வில்லெடுத்தான். மறுபிறவியில் அவனே வேடனாகப் பிறந்து, சிவனுக்குத் தன் கண்ணைப் பெயர்த்து அப்பினான். பெரியபுராணத்தில் இந்த முற்பிறவி கிடையாது. ஆனால் 2025 ஜூன் 27ல் வெளியான 'கண்ணப்பா' தெலுங்குப் படத்தில் உண்டு. (காளஹஸ்திக் காட்டுக்குப் படப்பிடிப்பு பெரும்பாலும் நியூசிலாந்தில் நடந்தது வேறு விஷயம்.) அதில் கிராதனாக வருபவர் மோகன்லால்.

மலையாளிகளுக்கு இந்த வேடன் புதியவனல்ல. இரட்டைக்குளங்கர ராம வாரியர் எழுதிய 'கிராதம்' ஆட்டக்கதையில், கறுப்புத் தாடியோடு அலறிக்கொண்டு மேடையேறும் காட்டாளன் அவன்தான். இன்று அவனை நாட்டின் எந்த மூலையிலிருந்து வருபவரும் பார்த்துவிடலாம். கொச்சியில் மாலை ஐந்து மணிக்கு ஒப்பனை தொடங்குகிறது, அதையும் பார்க்கலாம். ஆறு மணிக்கு ஆங்கிலத்தில் முன்னுரை, நவரசம், சில முத்திரைகள். பிறகு ஒரு சண்டை. ஏழரைக்குள் மங்களம். தனி அரங்குகளில் மட்டுமல்ல, ஓட்டல் புல்வெளிகளிலும் இதே கணக்குதான்.

சுருக்கியவர்களைத் திட்டுவது சுலபம். கதகளியை வளர்த்தவை அரண்மனைகள், கோயில்கள், நம்பூதிரி இல்லங்கள். 1970 ஜனவரி 1ல் நிலச்சீர்திருத்தம் அமலானபோது இல்லங்களின் நெல் போயிற்று. நெல்லோடு ஆட்டமும் போயிற்று. குத்தகை விவசாயிக்கு நிலம் கிடைத்தது நியாயம். கலைஞனுக்கு என்ன கிடைத்தது? 1930ல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் மாணவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தது. திருவிழாக் காலம் முடிந்து மழை பிடித்தால் அவர்களுக்கு மேடை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சுற்றுலா நுழைந்தது. வெலிங்டன் தீவில் 1957ல் கேசினோ ஓட்டலோடு ஆரம்பித்த குழுமம், பழைய மர வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து குமரகத்தில் விடுதியாக மறுபடி பூட்டியது. வீட்டையே பெயர்த்து வந்தபின், அதன் முற்றத்து ஆட்டம் வருவதில் ஆச்சரியம் என்ன?

இருந்தாலும் இழப்பு இழப்புதான். கதகளியின் உயிர் சண்டையில் இல்லை. ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, நடிகர் தன் கற்பனையில் விரிக்கும் மனோதர்மத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

சினிமா இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை காட்டியது. ஷாஜி என். கருண் இயக்கிய 'வானப்பிரஸ்தம்' (1999) படத்தில் மோகன்லால் குஞ்ஞிக்குட்டன் என்ற கதகளிக் கலைஞர். மேடையில் அவர் ஆடும் அர்ஜுனனை ஒரு ஜமீன்குலப் பெண் காதலிக்கிறாள்; வேஷம் கலைத்த மனிதனை அவளுக்கு வேண்டாம். கேன்ஸ் வரை போன அந்தப் படம் மோகன்லாலுக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்தது. அன்று அர்ஜுனன், 26 ஆண்டு கழித்து அவனைச் சோதிக்கும் வேடன்.

ஓட்டல் காட்சியிலும் சுருங்காத ஒன்று உண்டு: ஒப்பனை. கண் சிவக்க இமைக்குள் சுண்டப்பூ விதை வைக்கிறார்கள். ஒன்றரை மணி ஆட்டம் முடிந்து, விருந்தினர்கள் சூப் குடிக்க உட்காரும்போது, பின்னால் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தை அழித்துக்கொண்டிருக்கிறார். கண் இன்னும் சிவந்தேதான் இருக்கிறது.