குடிவழியும் குடும்ப ஏடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது பெயரைக் கேட்பதோடு அமைவதில்லை. எந்த ஊர், எந்தக் குறிச்சி, யாருடைய பிள்ளை, தாயார் எந்த வீட்டார் என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழும். சில விடைகளுக்குள் இருவருக்கும் தெரிந்த உறவினர் ஒருவர் அகப்பட்டு விடுவார். அதன் பின்னரே பேச்சு இயல்பாக நடைபெறும். இவ்வினாக்கள் சாதியை அறிந்துகொள்ளும் மறைமுக வழியாகவும் பயன்பட்டதுண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், அவற்றுக்கு விடை கூறத்தக்க அறிவு ஒன்று ஊர்தோறும் இருந்தது. அது முதியோரின் நினைவில், சிறப்பாகப் பாட்டிமாரின் நினைவில், தங்கியிருந்தது.

அதனை எழுதிவைக்க வேண்டிய தேவை அக்காலத்தில் தோன்றவில்லை. உற்றாரும் உறவினரும் ஒரு வேலிக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குப் புகையிரத வேலைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் சென்றவர்கள்கூடக் கலியாணத்துக்கும் காணி வாங்குவதற்கும் ஊரையே நாடி வந்தனர். 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலும், அதனைத் தொடர்ந்த நீண்ட போரும் அந்நிலையை மாற்றிவிட்டன. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் வளர்கின்றனர். அவர்களுள் ஒருவரை ஒருவர் காணாதவர் பலர்.

இக்குறையை நீக்கும் பொருட்டுச் சில குடும்பத்தார் இணையத்தில் தமக்கென ஓர் இடம் அமைத்து வருகின்றனர். பிறப்பு, பரீட்சைச் சித்தி, திருமணம், மறைவு ஆகிய செய்திகள் ஒரு பக்கம். குடிவழி விவரம் மறுபக்கம். பழைய காலத்துக் குடும்ப ஏட்டின் புதிய வடிவம் என்றே இதனைக் கூறலாம். இணையத்தில் இடம் பெறுவது எளிது. அவ்விடத்தில் எதனை எழுதுவது, எவ்வாறு ஆராய்ந்து எழுதுவது என்பதே சிந்தனைக்குரியது.

முதலில் எதிர்ப்படும் இடர் பெயரைப் பற்றியது. மேனாட்டார் தம் முன்னோரைத் தேடும்போது குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்வர். யாழ்ப்பாணத் தமிழரிடையே அத்தகைய நிலையான குடும்பப் பெயர் பொது வழக்கிற் கிடையாது. தந்தையின் பெயரே பிள்ளைக்கு முதலெழுத்தாகும். தலைமுறைக்குத் தலைமுறை அம்முதலெழுத்து மாறிவிடும். மேலும், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது பழைய வழக்கம். கந்தையாவின் மகன் சின்னத்தம்பி. சின்னத்தம்பியின் மகன் மறுபடியும் கந்தையா. ஓர் ஊரில் இவ்வாறு நான்கு கந்தையாக்கள் இருப்பின், ஏட்டிற் காணப்படுபவர் எவர் எனத் தெளிவது அரிது.

பெண்களின் பெயரோ இதனினும் எளிதில் மறையக்கூடியது. மணமாகும் வரை தந்தையின் பெயரும், மணமான பின் கணவனின் பெயரும் ஒரு பெண்ணின் பெயரோடு சேர்கின்றன. பூட்டனாரின் பெயரை அறிந்த குடும்பங்களிலும் பூட்டியின் பெயரைக் கேட்டால் விடை கிடையாத வீடுகள் உண்டு.

கிறித்தவ சமயம் பரவிய ஊர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டு குடாநாட்டிற் பணி தொடங்கினர். அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் கற்ற மாணவர் பலருக்கு அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டன. ‘உதயதாரகை’ ஆசிரியராக விளங்கி, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளியிட்ட சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்னும் பெயராலும் வழங்கப்பட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மைந்தர் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனவும் அறியப்பட்டார். இவ்விரு பெயரும் ஒருவரையே குறிப்பன என்பதை அறியாதவர், ஒரு மனிதரை இருவராக எழுதிவிட நேரும்.

ஆதலின், யாழ்ப்பாணத்துக் குடிவழியைத் தேடுவோர் பெயரை மட்டும் நம்பிச் செல்லுதல் போதாது. வீட்டையும் காணியையும் தொடர்ந்து செல்லுதல் வேண்டும். இதற்குக் காரணம் இந்நாட்டின் பழைய வழமையிலேயே உள்ளது.

ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். அவர்கள் காலத்தில் இங்குத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், 1707ஆம் ஆண்டளவில் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்து எழுதினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதுவே தேசவழமை. முன்னோர் வழி வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கப்படும் சீதனம், கணவனும் மனைவியும் வாழ்நாளில் ஈட்டும் தேடியதேட்டம் என அது சொத்தை மூவகையாக்கியது. தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் செல்வது பழைய முறை. 1911ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையிற் சில மாற்றங்களைச் செய்தது. எனினும், வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் நிலைத்து நின்றது.

இதனால் விளைந்த பயன் யாது? தாய், மகள், பேர்த்தி எனப் பெண்வழியே இறங்கி வந்த வீடுகள் குடாநாட்டில் மிகப் பல. நொத்தாரிசு எழுதிய சீதன உறுதியில், கொடுக்கும் பெற்றோரின் பெயரும், பெறும் மகளின் பெயரும், அச்சொத்து தமக்கு வந்த வழியும் கூறப்பட்டிருக்கும். வாய்மொழியில் மறைந்துபோன பூட்டியின் பெயர் உறுதியில் மறையாது நிற்கும். அது மட்டுமன்று. காணியின் பெயரும், பரப்பும், குழியும் கூறிய பின் நான்கெல்லைக்குரியோரின் பெயர்களும் அதில் வரும். ஒரே தாயின் வளவைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டமையால், எல்லைக்காரராகக் காணப்படுவோர் பெரும்பாலும் உடன்பிறந்தாராகவோ அவர்தம் மக்களாகவோ இருப்பர். எல்லைகளை ஒப்புநோக்கிப் பார்ப்பவர், உறவையும் உடன் அறிந்துகொள்வர். காணியை விற்பதற்கு முன் பங்காளிக்கும் வாரிசுரிமையாளருக்கும் அறிவிக்க வேண்டும் என்னும் முன்னுரிமை விதி, 1947ஆம் ஆண்டிலும் தனிச் சட்டமாக இயற்றப்பட்டது. உறவை அறிவது இங்குச் சட்டத்துக்கும் தேவையாக இருந்தது என்பதற்கு இது சான்று.

உறுதிக்கு அடுத்தபடியாகப் பயன்தருவது ‘கல்வெட்டு’. இது கல்லில் வெட்டியதன்று. ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது அச்சிட்டு வழங்கப்படும் சிறு நூல். நினைவு மலர் என்றும் இதனைக் கூறுவர். மறைந்தவரின் திதியைக் கூறும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரப் பாடல்கள் ஆகியவற்றோடு, பலவற்றில் வம்ச வரலாறும் இடம்பெறும். சிலவற்றில் ஐந்தாறு தலைமுறைகள் படமாகவே வரையப்பட்டிருக்கும். பழைய கல்வெட்டொன்று கிடைத்தால், ஆறு மாதத்து உழைப்பு ஒரு நாளில் முடிந்துவிடும்.

வானொலி நேயர்களுக்கு நன்கு பழக்கமானது மரண அறிவித்தல். பிறப்பிடமும் வதிவிடமும் முதலில் வரும். பின்னர், காலஞ்சென்ற இன்னாரின் அன்புப் புதல்வியும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மாமியாரும், பேரப்பிள்ளைகளின் அம்மம்மாவும், பூட்டப்பிள்ளைகளின் பூட்டியும் என ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு தலைமுறையும் சம்பந்தி வீடுகளும் ஒன்றுகூடும். இலங்கை வானொலியில் இவ்வறிவித்தலை எத்தனையோ வீடுகளில் அமைதியாக இருந்து கேட்டனர். பத்திரிகையில் வந்ததை வெட்டி எடுத்து வைத்தவர்கள், தம்மை அறியாமலே குடிவழி ஏட்டின் ஒரு பக்கத்தைப் பாதுகாத்தவராவர்.

இவற்றுக்குப் பின் அரசாங்க, ஆலயப் பதிவேடுகளை நாடலாம். கிறித்தவக் கோயில்களில் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகின்றது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய பிறப்புப் பதிவுப் படிவத்தில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கப்பட்டன. ஆகவே, ஒரு பத்திரத்தில் மூன்று தலைமுறை அகப்படும். மேலும் பின்னோக்கிச் செல்ல விரும்புவோருக்குத் தோம்பு உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய இப்பதிவேடுகள் வரி வாங்கும் பொருட்டு எழுதப்பட்டவை. இன்று அவை வரலாற்றுக்கு உதவுகின்றன. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் பல கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்திற் பேணப்படுகின்றன.

ஏடுகள் யாவும் தப்பிப் பிழைத்தன அல்ல. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தம் உடைமைகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். பெட்டியில் இருந்த உறுதியும் சுவரில் இருந்த படமும் எத்தனையோ வீடுகளில் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும், ஒரு வீட்டில் அழிந்த கல்வெட்டின் மறுபிரதி கோலாலம்பூரிலுள்ள உறவினரின் பெட்டியில் இருக்கக்கூடும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றது. சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்ப்பதே குடும்ப ஏட்டின் முதற் பணி.

அதனைத் தொடங்குவோர் ஏட்டுக்கு முன் மனிதரை நாடுதல் வேண்டும். உறுதி நாளையும் இருக்கும். தொண்ணூறு வயதுடைய அம்மம்மா நாளை இருப்பார் என்று சொல்வதற்கில்லை. அவரிடம் ஆண்டைக் கேட்டாற் பயன் குறைவு. யப்பானியர் குண்டு போட்ட 1942ஆம் ஆண்டுக்கு முன்போ பின்போ, 1964 மார்கழிப் புயலின்போது பிள்ளை தவழ்ந்ததோ நடந்ததோ எனக் கேட்டால் காலம் துலங்கும். அவர் கூறுவதை அவர் குரலிலேயே பதிவு செய்து வைத்தல் சிறந்தது.

எழுதும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உள. ஒவ்வொரு செய்திக்கும் அருகில் அது உறுதியிற் கண்டதா, கல்வெட்டிற் கண்டதா, எவர் வாய்மொழி என்பதைக் குறித்தல் வேண்டும். ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதுதல் வேண்டும். பெண்களைத் தந்தைவழிப் பெயரோடு பதிந்து, மணவழிப் பெயரைப் பின்னர் சேர்த்தல் நன்று. வீட்டுப் பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள் உரோம எழுத்திலேயே தேடுவராதலின், அவ்வெழுத்து வடிவையும் உடன் தருவது உதவும். மச்சான் மச்சாளை மணப்பதும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இங்கு வழக்காதலால், ஒருவரே இரண்டு மூன்று வழியாக உறவினராவர். மரம்போல வரையும் மேனாட்டுப் படம் இதற்கு முற்றும் பொருந்தாது. வலைபோல வரைதலே பொருந்தும். யாழ்ப்பாண வைபவமாலை போன்ற நூல்களிற் கூறப்படும் குடியேற்றத் தலைவர்களோடு தம் குடும்பத்தைப் பிணைக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதனை ஐதிகம் எனத் தனியே எழுதலாம். சான்றுள்ள வழியோடு கலத்தல் தகாது.

செய்தியைப் பகிர்வதிலும் கட்டுப்பாடு வேண்டும். உயிரோடிருப்போரின் பிறந்த தேதியும் முகவரியும் எவரும் காணும் வண்ணம் இருத்தல் ஆகாது. தாயின் கன்னிப் பெயரைக் கேட்டே ஆளை உறுதிசெய்யும் வங்கிகள் மேனாடுகளில் உண்டு. சுவீகாரம், மணமுறிவு, கலப்பு மணம் ஆகியவற்றை உரியவரின் சம்மதமின்றி வெளியிடுதலும், மறைக்கும் நோக்கத்தோடு ஒருவர் பெயரையே நீக்கிவிடுதலும் ஒருங்கே தவறாகும். உறவினரால் ஒதுக்கப்பட்டவரும் உறவினரே. ஏட்டை ஒருவர் மட்டும் நடத்தினால் அது அவரோடு முடிந்துவிடும். வெவ்வேறு நாடுகளிலுள்ள மூவர் பொறுப்பேற்று, ஆண்டுதோறும் ஒரு பிரதியை அச்சிட்டு ஊரிலுள்ள ஒரு வீட்டிலும் வைத்தல் நன்று. குடிவழி விவரங்களைக் கணினிகளிடையே மாற்றுவதற்கென 1984இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ‘ஜெட்காம்’ என்னும் பொது வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தால், இணையத்தளம் மறைந்தாலும் விவரம் மறையாது.

இம்முயற்சியைப் பொழுதுபோக்கென எண்ணுவோர் உண்டு. போரில் மறைந்தவர்களும் காணாமற் போனவர்களும் இல்லாத குடும்பம் குடாநாட்டில் அரிது. மணமாகாமல் இளமையில் மறைந்தவருக்கு, அவர் பெயரைச் சொல்லப் பிள்ளைகள் இல்லை. கல்வெட்டு அச்சிடவும் இயலாத காலத்தில் அவர்களுட் பலர் மறைந்தனர். குடும்ப ஏட்டில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு: பெயர், பெற்றோர், பிறந்த ஊர், உடன்பிறந்தார் வரிசையில் எத்தனையாவது பிள்ளை என்னும் நான்கு செய்திகளேனும் எழுதலாம். அதனை எழுதத்தக்கவர்கள் இன்று முதியோராக உள்ளனர். அவர்களைக் கேட்டு எழுதும் கடமை அடுத்த தலைமுறையாரைச் சார்ந்தது.