அம்பெடுக்கும் கைகள்



பரிசுத்தவான்களின் படங்களை நம் ஆலயங்களில் நாம் மாட்டுவதில்லை. ஆயினும், காயங்கட்டும் கைகளைக் காட்டுகிற பழைய படம் ஒன்றைப்பற்றி இம்முறை எழுதுகிறோம். 1625-ஆம் ஆண்டில் ஹென்ட்ரிக் டெர் பிரக்கன் என்னும் டச்சு ஓவியர் தீட்டியது. இப்போது அமெரிக்காவில், ஓபர்லின் கல்லூரியின் ஆலன் கலைக்கூடத்தில் இருக்கிறது.

செபஸ்தியான் ரோமப் போர்ச்சேவகன். விசுவாசத்தினிமித்தம் அவனை மரத்தில் கட்டி அம்பெய்து, மரித்தான் என்று விட்டுப்போனார்கள். அடக்கம்பண்ண வந்த ஐரீன் என்னும் விதவை, உயிர் இருக்கக்கண்டு பராமரித்தாள் என்பது பாரம்பரியம். அநேக ஓவியர் அம்பு தைத்த வாலிபனின் அழகையே காட்டினார்கள். இவரோ சிகிச்சையைக் காட்டுகிறார்.

உடல் பச்சையும் சாம்பலுமாக வெளிறி, தலை துவண்டிருக்கிறது. அந்த நிறத்தை எங்கள் வார்டுகளில் பார்த்திருக்கிறோம். ஐரீன் பதறாமல் அம்பை மெல்ல எடுக்கிறாள். பணிப்பெண் மணிக்கட்டின் கயிற்றை அவிழ்க்கிறாள். தேவதூதர் ஒருவரும் இல்லை. மூன்று தலைகள் நெருங்கியிருக்க, அவ்விருவரின் கண்களும் செய்யும் வேலையின்மேல் இருக்கின்றன.

அம்பு கொள்ளைநோய்க்குப் பழைய அடையாளம். 91-ஆம் சங்கீதம் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுகிறதே! ஆகையால் கொள்ளைநோய்க் காலங்களில் ஐரோப்பியர் செபஸ்தியானை நினைத்தார்கள். இப்படம் எழுந்த நாட்களிலும் நெதர்லாந்தில் அந்நோய் பரவியிருந்தது. நோயாளியை நெருங்கவே ஜனங்கள் அஞ்சிய காலம். ஐரீனின் விரல்களோ அம்பைப் பிடித்திருக்கின்றன.

பின்னால் தாழ்ந்த அடிவானத்தில் பொழுது சாய்கிறது. கட்டு இன்னும் முழுதும் அவிழவில்லை.